மேசைக்களமும் தளவாடமும்: மாயப்புனைவு ஆட்டங்களில் பொருளும் சொல்லும்

ஆடுவோர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் நிலையில் நின்று பேசுகின்றனர். நடுவராக இருப்பவர், அம்மாந்தர் நுழைந்திருக்கும் இடத்தைச் சொல்லால் விரித்துரைக்கிறார். தாம் செய்யவிருப்பதை அவர்கள் தெரிவிக்கின்றனர். ஐயம் எழுமிடத்தில் பகடை உருட்டப்படுகிறது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரில் அச்சேறிப் பின்னர் உலகெங்கும் பரவிய பாத்திரமேற்பு ஆட்டத்தின் சுருக்கம் இதுவே. இவ்வாட்டத்திற்கென விரலளவில் மாந்தருருவங்கள் வார்க்கப்படுகின்றன. அவற்றோடு கதவு, நாற்காலி, பேழை, கணப்பு, புத்தக அலமாரி, பீப்பாய், கல்லறை, இடிந்த சுவர் ஆகியனவும் ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் பிசினிலும் செய்யப்படுகின்றன. இச்சிறு தளவாடங்களும் நிலக்காட்சிப் பொருள்களுமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

விளையாட்டுச் சாமான்களின் வரலாற்றில் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் என்ன வேலை என்னும் வினா எழுதல் இயல்பு. இவ்வாட்டம் பேச்சால் நடப்பது என்பதே அதற்கு விடை. நடுவர் சொல்லும் வரை அறை இல்லை, சொன்னபின் உண்டு. அத்தகைய ஆட்டத்தில் ஒரு பொருளை மேசைமேல் வைத்தவுடன் அதைப் பற்றிய வாக்கியத்தின் அமைப்பு மாறுகிறது. 'வடக்குச் சுவரில் ஒரு கதவு இருக்கிறது' என்னும் அறிவிப்பு தேவையற்றதாகி, 'இந்தக் கதவு' என்னும் சுட்டு அவ்விடத்தைப் பிடிக்கிறது. பொருள் வந்தால் சொல் அழியும் என்பது இவ்வாட்டக்காரரிடையே பழகிப்போன ஒரு குறை. வரலாற்றை நோக்கினால் அக்கூற்று பாதியே உண்மை எனத் தெரிகிறது. பொருள் மேசைக்கு வருவதும், மேசையை விட்டு நீங்கிச் சொல்லுக்குள் புகுவதும் இரு நூற்றாண்டுகளாக மாறிமாறி நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு முறையும் நீங்கிய பொருள் தன் சுவட்டை விதிநூலின் மொழியில் விட்டுச் சென்றுள்ளது. அச்சுவட்டை அறியாமல் அந்நூல்களை வேற்றுமொழிக்குக் கொண்டுவர இயலாது.

நிலமற்ற பலகை

போராட்டங்களின் மூலம் சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் எனும் நால்வகைப் படையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அவ்வாட்டம் இந்தியாவில் தோன்றிப் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. சதுரங்கத்தில் படை உண்டு, நிலம் இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களும் ஒரே தன்மையன. ஆறோ மலையோ ஊரோ எக்காயையும் தடுப்பதில்லை.

இக்குறையை நிரப்பப் புகுந்தவருள் குறிப்பிடத்தக்கவர் பிரன்ஸ்விக் நகரத்தவரான ஹெல்விக். 1780இல் அவர் வெளியிட்ட போராட்டத்தில் 1,600க்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. வெள்ளை சமவெளியையும், பச்சை சதுப்பையும், நீலம் நீரையும், சிவப்பு மலையையும் குறித்தன. நிலம் அவ்வாட்டத்தில் நிறமாக வந்தது. நிறம் ஒரு குறி; கண்டவர் அதன் பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும். பச்சை சதுப்பைக் குறிப்பது மரபால் அன்றி வடிவ ஒப்புமையால் அன்று.

வடிவ ஒப்புமைக்கு வழிகோலியவர் பிரஷ்யாவைச் சேர்ந்த லெயோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ். 1812இல் அவர் மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்முக்கு அளித்த போராட்டக் கருவி, இழுப்பறைகள் பொருந்திய ஒரு பெரிய மரமேசை. மேடும் பள்ளமும் வயலும் சாலையும் தெரியும்படி உருவாக்கி வண்ணம் தீட்டிய சிறு நிலத்துண்டுகள் அதில் இருந்தன. அவற்றை வேண்டியவாறு அடுக்கிப் புதுப்புது நிலங்களை அமைக்கலாம். இன்று கடைகளில் விற்கும் 'அடுக்கு நிலத்துண்டு'களின் மூதாதை இதுவே எனல் தகும்.

ஆயினும் இம்மேசை பரவவில்லை. அரண்மனைக்கு உகந்த அதனைப் படைப்பிரிவுதோறும் வைத்திருக்க இயலாது. ரைஸ்விட்ஸின் மகன் 1824இல் ஆட்டத்தைத் திருத்தியமைத்தபோது நிலத்துண்டுகளை விலக்கி, 1:8000 அளவில் வரைந்த தாள் நிலப்படத்தைக் கொண்டுவந்தார். பிரஷ்யத் தலைமைப் படைத்தலைவர் மியூஃப்லிங் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தார். படைப்பிரிவுகளில் அது பயிற்சியாயிற்று. மேடு மீண்டும் கோடாயிற்று. படத்தில் இல்லாததை உரைக்கும் பொறுப்பு நடுவரிடம் சேர்ந்தது. எதிரியின் நிலை, தூது வந்து சேர்ந்த நேரம், பார்வைக்கு எட்டியது, எட்டாதது யாவும் நடுவர் வாயிலாகவே அறியப்பட்டன. 1876இல் ஃபெர்டி டு ஃபெர்னுவா விதிகளின் கட்டைத் தளர்த்தி, நடுவரின் தீர்ப்பையே முதன்மையாக்கிய 'கட்டற்ற' முறையை முன்வைத்தார். தளவாடம் நீங்கிய வெற்றிடத்தை நிரப்பியது பேச்சு. பின்னாளில் கதையாட்டமாக வளரவிருந்த விதை இங்கேதான் விழுந்தது; படைத்தளபதிகள் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கலைக்களஞ்சியத்தால் ஆன குன்று

இங்கிலாந்தில் பொருள் வேறொரு வாயில் வழியாகத் திரும்பியது. எச். ஜி. வெல்ஸ் 1911இல் தரையில் ஆடும் சிறுவர் ஆட்டங்களைப் பற்றியும், 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் பெயரில் பொம்மைப் படைவீரர்களின் போராட்டத்தைப் பற்றியும் நூல்கள் எழுதினார். இரண்டாவது நூல் தன் ஆட்டத்தின் தோற்றத்தையும் விவரிக்கிறது. நாற்காலி மேசைகளை ஒதுக்கிவிட்டு, கலைக்களஞ்சியத் தொகுதிகளையும் கைக்குக் கிடைத்த பிறவற்றையும் தரையில் பரப்பி ஒரு நாட்டை உண்டாக்குவதில் அவ்வாட்டம் தொடங்கியது. பின்னர் மரக்கட்டைகளால் வீடுகளும், துளையிட்ட பலகைகளில் செருகிய சுள்ளிகளால் காடுகளும் எழுந்தன.

வெல்ஸின் தரைக்கும் ரைஸ்விட்ஸின் மேசைக்கும் உள்ள வேறுபாடு நுணுக்கமானது. ரைஸ்விட்ஸின் நிலத்துண்டு அளவெடுக்க உதவுவது. வெல்ஸின் மரக்கட்டை வீடு மறைவிடமும் ஆகும், வீடாகவும் தோன்றும். அதில் யாரோ வாழ்கிறார் என்னும் கற்பனைக்கு இடமுண்டு. ஆங்கிலத்தில் இவ்விரு நோக்குகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'டெரெய்ன்' என்பது நிலத்தைக் குறிக்கும் லத்தீன் வேரினின்று பிரெஞ்சு வழியாக வந்தது. படைத்துறைக்கும் நில அளவைக்கும் உரியது. 'சீனரி' என்பது கூடாரத்தையும் பின்னர் நாடக அரங்கின் பின்கட்டையும் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அதன் பழைய ஆங்கில வடிவம் இத்தாலியச் 'சினாரியோ'விலிருந்து பெறப்பட்டதாகும். கதைத்திட்டத்தைக் குறிக்கும் 'சினாரியோ' என்னும் சொல்லும் அதே இத்தாலிய மூலத்தினின்று ஆங்கிலத்துக்குத் தனியே வந்தது. ஒரே மூலம் ஒரு வழியில் திரைச்சீலையையும், மற்றொரு வழியில் கதைப்போக்கையும் குறிக்கலாயிற்று. சிற்றுரு ஆட்டக்காரர் இவ்விரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் நாள்தோறும் ஆள்கின்றனர். உறவை எண்ணுவோர் குறைவு.

'மினியேச்சர்' என்னும் சொல்லின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. சிறுமையைக் குறிக்கும் லத்தீன் அடியோடு அதற்குத் தொடர்பில்லை. சுவடிகளில் தலையெழுத்துகளைத் தீட்டப் பயன்பட்ட செவ்வண்ணமான 'மினியம்' என்பதே அதன் வேர். சுவடி ஓவியங்கள் சிறியனவாக இருந்தமையாலும், சிறுமை குறிக்கும் சொற்களோடு ஒலியொப்புமை இருந்தமையாலும் பொருள் திரிந்தது. ஈய உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் இரவுகளைக் கழிக்கும் ஆட்டக்காரர் அச்சொல்லின் பழம்பொருளை அறியாமலே காத்துவருகின்றனர்.

கோபுரம் நிலவறையான கதை

அமெரிக்காவில் நிகழ்ந்த திருப்பத்திற்கு ஒரு பழைய நூல் காரணம். சார்லஸ் டாட்டன் என்னும் படையதிகாரி பிரஷ்ய முறையைத் தழுவி எழுதிய 'ஸ்ட்ராட்டகோஸ்' 1880இல் வெளிவந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி அதனைக் கண்டெடுத்தார். எதையும் முயன்று பார்க்க ஆடுவோர்க்கு உரிமை தந்து, விளைவை நடுவர் தீர்மானிக்கும் முறை அவரைக் கவர்ந்தது. 1969இல் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனைச் செருமானிய ஊரை மேசைமேல் அமைத்து அவர் ஓர் ஆட்டம் நடத்தினார். படைத்தலைவர்க்கு மட்டுமன்றி நகரத் தலைவர், மாணவர் போன்றோர்க்கும் அதில் இடமளித்திருந்தார். ஆடவந்தோர் மேசையை மறந்து, தனியறைகளுக்குச் சென்று தமக்குள் பேரம் பேசலாயினர். ஆட்டம் கெட்டதென வெஸ்லி கருதினார்; ஆடியோரோ மீண்டும் கேட்டனர். ஊர் மேசைமேல் கிடந்தது. ஆட்டம் பேச்சுக்குள் சென்றுவிட்டது.

அவருள் ஒருவர் டேவ் ஆர்னசன். 1971இல் அவர் தொடங்கிய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டை மாதிரி இருந்தது. அக்கோட்டைக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சுரங்க அறைகளுக்குள் ஆடுவோர் இறங்கியபோது ஒரு நடைமுறை இடர் தோன்றியது. கோட்டையை மேசைமேல் வைக்கலாம்; நிலத்தடியை எவ்வாறு வைப்பது? முழுவதையும் பரப்பினால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும். ஆகவே நிலவறையின் வரைபடம் நடுவரின் மறைவில் தங்கியது. அவர் கூறக்கூற, ஆடுவோருள் ஒருவர் கட்டமிட்ட தாளில் வரைந்துகொண்டார். இவ்வாட்டத்தின் உயிர்நிலையான வருணனைப் பேச்சு இவ்விடரிலிருந்து வலுப்பெற்றது.

'டஞ்சன்' என்னும் சொல்லும் இதே வழியில் இறங்கி வந்ததே. பழம் பிரெஞ்சில் 'டான்ஜான்' என்பது தலைவனைக் குறிக்கும் லத்தீன் அடியிலிருந்து பிறந்து, கோட்டையின் நடுவே உயர்ந்து நிற்கும் பெருங்கோபுரத்தைச் சுட்டியது. ஆங்கிலத்தில் அது கோபுரத்தின் அடியிலிருந்த சிறையைச் சுட்டி, முடிவில் நிலத்தடிக் கொட்டடி என்னும் பொருளில் நின்றது. பிரெஞ்சில் மூலப்பொருளே நிலைத்தது. 1982இல் இவ்வாட்டத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது தலைப்பு 'டான்ஜான் ஏ டிராகான்' என்றே அமைந்தது. பிரெஞ்சு வாசகர்க்கு அது 'கோபுரங்களும் வேதாளநாகங்களும்' என ஒலித்திருக்கும். சிறைக்கொட்டடி, சுரங்கம் எனப் பொருள்படும் சொற்கள் அம்மொழியில் இல்லாமலில்லை. தகரத்தில் தொடங்கும் மோனை காக்கப்பட வேண்டியிருந்தது. நாளடைவில் ஆட்டக்காரர் வழக்கில் அப்பிரெஞ்சுச் சொல்லும் நிலத்தடிப் பொருளை ஏற்றது. மொழிபெயர்ப்பாளர் செய்த ஒரு தேர்வு ஒரு பழஞ்சொல்லின் பொருளை மாற்றிய நிகழ்ச்சியாக இது கருதத்தக்கது.

நீங்காத அங்குலம்

மேசை நீங்கியும் அதன் அளவை மொழியில் நின்றதற்கு இவ்விதிநூல்களில் ஒரு தெளிவான சான்று உண்டு. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்' இடைக்காலப் போருக்கான சிற்றுரு விதிநூல். அதில் படை நகரும் தொலைவு மேசையில் அளக்கும் அங்குலமாகவே கூறப்பட்டது. ஓர் அங்குலம் களத்தில் பத்து கஜம். 1974இன் நூல் இவ்வழக்கை அப்படியே பெற்றது. ஆனால் நிலவறைக்குப் பத்து கஜம் மிகப் பெரிது; எனவே நிலத்தடியில் ஓர் அங்குலம் பத்தடி எனவும், வெளியில் பத்து கஜம் எனவும் கொள்ளப்பட்டது. 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் மந்திரங்களின் வீச்சும் அங்குலத்திலேயே தரப்பட்டுள்ளது. வீச்சு, வெளியில் கஜமாக நீளும். மந்திரம் பரவும் பரப்போ எங்கும் அடிக்கணக்கே. இல்லையேல் வெளியில் எறியும் தீக்கோளம் ஓர் ஊரையே விழுங்கிவிடும்.

இதனினும் வியப்புக்குரியது 1979இன் நடுவர் கையேட்டுக் குறிப்பு. உண்மையாகவே சிற்றுருக்களை மேசையில் வைத்து ஆடுவோர்க்கு, மேசையின் ஓரங்குலத்தை மூன்றேகால் அடிக்குச் சற்று மிகுதியாக, அதாவது மூன்றும் மூன்றிலொரு பங்கும் அடியாகக் கொள்ளுமாறு அது கூறுகிறது. பத்தடி அகல இடைவழியில் மூவர் அருகருகே நிற்க வேண்டும் என்பது காரணம். ஆக, விதியின் அங்குலம் பத்தடி; மேசையின் அங்குலம் அதில் மூன்றிலொன்று. அளவுகோலில் பிறந்த சொல் அளவுகோலோடு உறவை முறித்துக்கொண்டு, பெயரளவில் மட்டும் அங்குலமாக வாழ்ந்தது. மொழியியலார் தொல்லெச்சம் எனக் குறிப்பிடும் நிலை இதுவே. இந்நூல்களை மெட்ரிக் முறை வழங்கும் மொழிகளில் பெயர்ப்போர் 'அங்குலம்' எனக் கண்டதும் 2.5 சென்டிமீட்டர் என மாற்றினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1989இன் இரண்டாம் பதிப்பு அங்குலத்தைக் கைவிட்டு அடி, கஜம் என எழுதியது. 2000இன் மூன்றாம் பதிப்பு ஐந்தடிக் கட்டத்தை ஆட்டத்தின் அடிப்படையாக்கியது. 2008இன் நான்காம் பதிப்பு அடியையும் விட்டு, 'ஐந்து கட்டம்' என்றே எழுதியது. 2014இன் ஐந்தாம் பதிப்பு மீண்டும் அடிக்குத் திரும்பி, கட்டமிட்ட மேசையை விருப்பத்திற்கு விட்டது. எந்தப் பதிப்பு மேசையை நம்பியது, எது நாவை நம்பியது என்பதை அளவைப்பெயர் ஒன்றைக் கொண்டே அறியலாம். அலகுகளை ஒருசீராக்கும் ஆர்வத்தில் மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை அழித்துவிடுதல் கூடாது.

பட்டியலிலிருந்து பெட்டிக்குள்

தட்டுமுட்டுப் பொருள்கள் இவ்வாட்டத்துள் முதலில் நுழைந்தது சொற்பட்டியலாக. 1979இன் நடுவர் கையேட்டின் பின்னிணைப்பு ஒன்று நிலவறைக்கு அணிசெய்யும் பொருள்களை வகைவகையாக அகரவரிசையில் அடுக்குகிறது. பொதுத் தட்டுமுட்டு, வழிபாட்டுப் பொருள், சித்திரவதைக் கூடத்துச் சாமான், மந்திரவாதியின் கூடத்துச் சாமான் எனப் பட்டியல்கள் நீள்கின்றன. பகடையை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். அச்சொல்லை அறையில் இட்டுவிடலாம். அகராதியைப் போன்ற தோற்றமுடைய இப்பக்கங்கள் உண்மையில் ஓர் அறை செய்யும் கருவி.

இப்பட்டியலில் பீப்பாய்களுக்குரிய சொற்களே மொழிபெயர்ப்பாளரைத் திணறவைக்கும். கெக், ஃபர்கின், காஸ்க், ஹாக்ஸ்ஹெட், பட், பைப், டன் என ஆங்கில வணிகர் கொள்ளளவுக்கேற்பப் பெயரிட்டிருந்தனர். பழைய மது அளவையில் டன் என்பது 252 காலன். பைப் அல்லது பட் அதில் பாதி. ஹாக்ஸ்ஹெட் அதிலும் பாதி. ஃபர்கின் ஒரு சிறு மரக்கலன். பியர் அளவையில் ஒன்பது காலன். சொல்லாக இருக்கையில் இவை ஏழு பொருள்கள். பிளாஸ்டிக்கில் வார்த்தால் ஒரே பீப்பாய். மேசைக்கு வந்த பொருள் சொல்லை அழிப்பதுண்டு என்னும் குறைக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பதரிது. இவற்றுள் 'பைப்' என்பதற்கு உறவான போர்ச்சுகீசியப் 'பீப்பா'வே தமிழில் பீப்பாயாக வழங்குகிறது என்பதையும் இடையே குறிக்கலாம்.

சொற்பட்டியல் பொருளாக மாறிப் பெருவாரியான வீடுகளை அடைந்தது 1989இல். ஸ்டீபன் பேக்கர் உருவாக்கி, மில்டன் பிராட்லி நிறுவனமும் பிரித்தானியாவின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட 'ஹீரோக்வெஸ்ட்' பெட்டிக்குள் பதினைந்து தட்டுமுட்டுப் பொருள்கள் இருந்தன. மேசை இரண்டு, புத்தக அலமாரி இரண்டு, புதையல் பேழை மூன்று. அரியணை, இரசவாதியின் பணிமேசை, மந்திரவாதியின் மேசை, கல்லறை, கணப்பு, ஆயுதத் தாங்கி, நிலையடுக்கு, சித்திரவதைச் சட்டம் ஆகியன ஒவ்வொன்று. அதுவரை ஈய உருவங்களை வாங்கி, வண்ணம் தீட்டி, காட்சிப் பொருள்களைத் தாமே செய்துகொண்ட சிறு குழுவினர்க்கு உரியதாக இருந்த இன்பம், பொம்மைக் கடைக்கு வந்தது.

இப்பொருள்களின் பணி என்ன என்பது கவனித்தற்குரியது. பெரும்பாலானவை கட்டத்தை அடைத்து வழியை மறிப்பதன்றி வேறெதுவும் செய்வதில்லை. புத்தக அலமாரியிலிருந்து ஆட்டக்காரர் நூல் எடுத்துப் படிக்க இயலாது. கணப்பில் குளிர்காய இயலாது. எனினும் அறையின் தன்மையை அவை நொடியில் அறிவித்தன. ஒரு மேசையும் கணப்பும் இருந்தால் உணவுக்கூடம். கல்லறை இருந்தால் ஈமக்கூடம். 'இது இன்ன அறை' என்னும் பயனிலையை நடுவர் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவர் வாயடைத்துவிட்டதாகக் கூறுதல் பொருந்தாது. எங்கே, எத்தனை, எவ்வளவு தொலைவு என்னும் இடக்குறிப்பு வாக்கியங்கள் குறைந்தன. ஓசை, மணம், தட்பம், அச்சம் ஆகியன அவர் சொல்லுக்கே எஞ்சின. பிளாஸ்டிக்குக்கு மணமில்லை.

பல ஐரோப்பிய மொழிகளில் இப்பெட்டி வெளிவந்தபோது நூலும் சீட்டுகளும் பெயர்க்கப்பட்டன. தட்டுமுட்டுப் பொருள்கள் மாறாமல் சென்றன. ஆங்கிலத்துக்குள்ளேயே பிரித்தானியப் பதிப்பில் 'மார்கார்' எனப்பட்ட தீய மந்திரவாதி வட அமெரிக்கப் பதிப்பில் 'ஸார்கன்' ஆனார். அவரது மேசை இரு கரைகளிலும் அதே மேசை. அதே ஆட்டம் 2021இல் மறுபதிப்பாக வந்தபோதும் தட்டுமுட்டுப் பொருள்கள் இடம்பெற்றன.

உட்கார முடியாத நாற்காலி

இப்பொருள்களின் அளவு பற்றிச் சில சொற்கள். மாந்தருருவங்கள் முதலில் 25 மில்லிமீட்டர் எனவும் பின்னர் 28 மில்லிமீட்டர் எனவும் குறிக்கப்பட்டன; பின்னது பொதுவாகப் பாதம் முதல் கண்வரை அளப்பது. ஐந்தடியை ஓரங்குலமாகக் கொண்டால் விகிதம் 1:60. ஆறடிக் கட்டில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் நீளம் பெறும். ஆனால் ஒவ்வோர் உருவமும் ஓரங்குல அகல அடித்தட்டின்மேல் நிற்கிறது. அத்தட்டு நுழைய வேண்டுமாயின் கதவு ஐந்தடி அகலமாதல் வேண்டும். தட்டின் தடிப்பால் ஆள் உயர்ந்து நிற்க, உண்மை அளவில் செய்த நாற்காலி அவர் அருகே குட்டையாகத் தோன்றும். காலை அகற்றி வாளோங்கி நிற்கும் வீரர் அதில் அமரவும் மாட்டார். எனவே கைவினைஞர் கதவைப் பெருக்கியும், மேசையை உயர்த்தியும், நாற்காலியைக் குறைத்தும் செய்கின்றனர். அளவு பிழையாக இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஒரே விகிதத்தில் சுருக்க முயன்றவர்க்கு இவ்விடர் புதிதன்று.

செய்பொருள்களின் பின்வரலாறு விரைந்து கூறத்தக்கது. ஸ்டெஃபான் போகோர்னி 1996இல் நிறுவிய 'டுவார்வன் ஃபோர்ஜ்', வண்ணம் தீட்டிய பிசின் நிலத்துண்டுகளை விற்றது. 'ஹர்ஸ்ட் ஆர்ட்ஸ்' சிலிக்கோன் அச்சுகளை விற்று, வாங்குவோரே சாந்து வார்த்துக் கற்களைச் செய்துகொள்ள வழிசெய்தது. உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முப்பரிமாண அச்சு முறையின் மூலக் காப்புரிமை 2009இல் முடிவுற்றபின் அவ்வியந்திரங்கள் வீடுகளுக்கு வந்தன. அதன்பின் விற்பனைப் பொருள் நாற்காலியன்று. நாற்காலியின் கணினிக் கோப்பு. பொருள் மீண்டும் குறிகளின் தொடராகி, வேண்டிய இடத்தில் மீண்டும் பொருளாகிறது.

தமிழில் பெயரிடல்

இத்துறை நூல்களும் இவ்வாட்டங்களை வைத்தெழுந்த புனைகதைகளும் தமிழுக்கு வருமாயின் பெயரிடும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரைச் சாரும். அறைக்குள் உள்ளவற்றுக்குத் தடையில்லை. மேசை, அலமாரி, பீப்பாய், சாவி எனத் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொற்கள் போர்ச்சுகீசியர் வழி வந்தவை. அவற்றுள் அலமாரியின் மூலமான லத்தீன் 'அர்மாரியம்' ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் இடத்தைச் சுட்டியது. ஐரோப்பிய இடைக்கால மணம் கமழ வேண்டுமென்று இவற்றுக்குப் புதுச்சொல் தேடுவது வீண்முயற்சி; அம்மணம் இவற்றிலேயே உள்ளது.

'டெரெய்ன்', 'சீனரி' ஆகியவற்றின் வேறுபாட்டைக் காப்பது கடினம். 'களம்' என்னும் சொல் நெல்லடிக்கும் இடத்தையும் போர்புரியும் இடத்தையும் சுட்டி, நாடக நூல்களில் காட்சிப் பிரிவுக்கும் பெயராகிறது. ஆங்கிலத்தில் பிரிந்து நிற்பதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கியுள்ளது. ஆங்கில நூல் அவ்விரு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தும் இடங்களில் 'களம்' உதவாது. நிலவமைப்பு, காட்சிப்பொருள் எனப் பிரித்தே எழுத வேண்டும். முதற்பொருளான நிலமும் அதிற் பொருந்திய கருப்பொருளும் என்னும் தொல்காப்பியப் பாகுபாடு இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. நிலையாகப் பரப்பிய தளத்துக்கும், அதன்மேல் தூவும் பெட்டி, மரம், பாறை ஆகியவற்றுக்கும் இடையே ஆட்டக்காரர் செய்யும் பிரிவு அதனை ஒத்திருக்கிறது. ஆயினும் கருப்பொருள் உணர்வுக்குப் பின்புலமாவது; மேசையின் பெட்டி அம்பைத் தடுப்பது. கலைச்சொல்லாக அதனை இங்கே கொணர்தல் இரு துறைகளுக்கும் நன்மை தராது.

'ஃபர்னிச்சர்' என்பதற்கு அறைகலன் என்னும் புத்தாக்கம் பாடநூல்களில் வழங்குகிறது. ஒரு வீட்டின் அறைக்கு அது பொருந்தும். சித்திரவதைச் சட்டத்தையும் ஆயுதத் தாங்கியையும் கல்லறையையும் அறைகலன் எனல் நகைப்பை விளைக்கும். பழைய வழக்கான 'தளவாடம்' இவ்விடத்துக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் அச்சொல்லை இன்று செய்தித்தாள் வாசகர் பெரிதும் போர்த்தளவாடம் என்னும் தொடரிலேயே காண்கிறார். துப்பாக்கியும் வெடிமருந்தும் அவர் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழரிடையே 'தளபாடம்' என்பது நாற்காலி, மேசை, கட்டிலைக் குறிக்கும் அன்றாடச் சொல். அரசு அலுவலகக் கொள்முதல் அறிவிப்பு முதல் கடைப்பெயர்ப் பலகைவரை காணப்படுவது. ஹீரோக்வெஸ்ட் பெட்டியின் பதினைந்து பொருள்களுள் ஆயுதத் தாங்கி முதல் வாசகர்க்கும், மேசைகளும் அலமாரிகளும் இரண்டாமவர்க்கும் உரியனவாக அமைகின்றன. மொழிபெயர்ப்பு இரு கரைகளிலும் படிக்கப்பட வேண்டுமாயின், முதன்முறை வருமிடத்தில் ஓர் அடைமொழி சேர்த்து 'அறைத் தளவாடம்' என எழுதி, பின்னர் தளவாடம் எனத் தனித்து வழங்கலாம்.